வயலுக்குப் போகும் கூரை

ஆர்னோல் ஊரில் 42ஆம் எண் வீட்டுக்கு இறவாரம் கிடையாது. வீட்டைச் சுற்றி வந்தபோது முதலில் கண்ணை உறுத்தியது அதுதான். நம் ஊரில் கூரை வேய்கிறவர்கள் சுவரைத் தாண்டி ஒரு முழமாவது கீற்றை வெளியே நீட்டி விடுவார்கள். மழைத் தண்ணீர் மண்சுவரில் படாமல் தள்ளி விழ வேண்டும். இங்கே கூரை சுவரின் வெளி விளிம்புக்கே வரவில்லை, உள் விளிம்போடு நின்றுவிடுகிறது. மீதிச் சுவர், ஓர் ஆள் தாராளமாக நடக்கும் அகலத்துக்கு, வானம் பார்த்துத் திறந்து கிடக்கிறது. அதன்மேல் புல் முளைத்திருக்கிறது. கூரையில் இறங்கும் மழை அத்தனையும் அந்தச் சுவரின் தலையில்தான் விழுகிறது.

ஸ்காட்லாந்தின் வடமேற்கே, அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் பெரிதான லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது ஆர்னோல். உல்லாபூல் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ஸ்டார்னவே. அங்கிருந்து பேருந்து பார்வஸ் சதுப்பு வெளியைக் குறுக்காகக் கடந்து மேற்குக் கரைக்கு வருகிறது. வழி நெடுக மரம் என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. பழுப்புப் புல், ஹெதர் புதர், இடையிடையே கறுத்த குட்டை, வெட்டி அடுக்கிய பீட் கட்டிகள். பீட் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் அமுங்கிக் கிடந்த செடிகொடி. வெட்டிக் காய வைத்தால் விறகு. நீலகிரியின் உச்சிச் சதுப்புகளிலும் இந்த மண் உண்டு. மரமில்லாத இந்தத் தீவில் அடுப்புக்கு அதுதான் கதி.

அட்லாண்டிக் காற்றைப் பற்றி நிறையப் படித்துவிட்டுப் போயிருந்தேன். பேருந்தை விட்டு இறங்கிய பிறகுதான் அந்தச் சுவர் ஏன் அப்படி என்று உடம்புக்குப் புரிந்தது. இந்தக் காற்றில் இறவாரம் நீட்டினால், காற்று அதன் அடியில் கை கொடுத்துக் கூரையை மொத்தமாகத் தூக்கிவிடும். பிடித்து இழுக்க ஒரு விளிம்புகூட வெளியே இருக்கக் கூடாது. ஆகவே கூரையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சுவரின் மூலைகளை மழித்து உருட்டினார்கள். வீட்டின் இரு முனைகளிலும் முக்கோணச் சுவர் எழுப்பாமல் அங்கும் கூரையையே சாய்த்து இறக்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வீடு தெரியவில்லை. மேட்டு நிலம் கொஞ்சம் புடைத்திருப்பதாகத்தான் தோன்றுகிறது.

சரி, மழை? சுவர் ஒற்றைச் சுவர் அல்ல. உள்ளே ஒரு கல்வரிசை, வெளியே ஒரு கல்வரிசை, நடுவில் மண்ணும் பீட் பொடியும் போட்டு இறுக்கிய நிரப்பு. மொத்தத் தடிமன் ஏறக்குறைய 6 அடி. சாந்து என்ற பேச்சே இல்லை. கூரையிலிருந்து வழியும் தண்ணீர் சுவரின் நடு மண்ணில் இறங்கி, வெளிக் கற்களின் இடுக்கு வழியாகக் கசிந்து போய்விடுகிறது. உள் வரிசைக் கல் காய்ந்தே இருக்கிறது. அந்த நடு மண் ஈரமாக இருப்பது கெடுதல் இல்லை, தேவை. ஈரம் இருக்கும் வரை மண் விரிந்து இடுக்குகளை அடைத்துக்கொள்ளும், காற்று உள்ளே ஊடுருவாது. மழைத் தண்ணீரைக் கொண்டே காற்றை அடைத்திருக்கிறார்கள். கட்டடக் கலை நூல்களில் நீர் புகாத சுவருக்கு எத்தனையோ வழி சொல்லியிருப்பார்கள். நீரைப் புகவிட்டுப் பயன் வாங்கிய சுவரை நான் இங்கேதான் பார்த்தேன்.

இந்த வகை வீட்டுக்குக் கறுப்பு வீடு என்று பெயர். பிறகு வந்த, சாந்து பூசிப் புகைபோக்கி வைத்த வீடுகளை வெள்ளை வீடு என்றார்கள். 42ஆம் எண் வீடு 1880களை ஒட்டிக் கட்டப்பட்டது. 1966 வரை இதில் ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள். இப்போது ஸ்காட்லாந்தின் தொல்லியல் பராமரிப்புத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அலெக்சாண்டர் ஃபென்டன் என்ற நாட்டு வழக்காற்று ஆய்வாளர் இந்த வகை வீடுகளையும் குறிப்பாக இந்த வீட்டையும் பற்றி 1978இல் ஒரு சிறு நூல் எழுதினார். ஒரு குடியானவன் வீட்டுக்கு அந்த மரியாதை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. அரண்மனைக்கும் கோயிலுக்கும் நூல்கள் குவிந்து கிடக்க, கூரை வீட்டுக்கு நம்மிடம் எத்தனை இருக்கின்றன?

கூரைக்கு வருகிறேன். மரம் முளைக்காத தீவில் கைமரத்துக்கு எங்கே போவது? கடல் ஒதுக்கிய மரம்தான். உடைந்த கப்பலின் பலகை, எங்கோ ஆற்றில் விழுந்து மிதந்து வந்த கட்டை, எது கரையில் தட்டுப்பட்டாலும் அது வீட்டுக்கு வரும். உள்ளே நின்று அண்ணாந்தால் கைமரங்களில் ஒன்றுபோல் ஒன்று இல்லை. வளைந்தது, ஒட்டுப் போட்டது, கப்பலில் இருந்தபோது அடித்த ஆணித்துளையோடு இருப்பது. அவற்றின் குறுக்கே சட்டங்கள். அதன்மேல் புல்வேரோடு பத்தை பத்தையாக வெட்டிய மண், மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும்படி. அந்த மண் பத்தைகள்மேல்தான் வைக்கோல். நம் வீடுகளைப் போல வைக்கோலைக் கற்றை கற்றையாகக் கட்டி மூங்கிலில் தைப்பதில்லை. அள்ளிப் பரப்புகிறார்கள், அவ்வளவுதான். பரப்பிய பிறகு முகட்டுக்கு மேலாகக் கயிறுகளைக் குறுக்கே வீசி, இரு பக்கமும் நுனியில் கனத்த கல்லைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். கூரையின் கீழ் விளிம்பு நெடுக வரிசையாகக் கற்கள் தொங்குகின்றன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். கடல் உருட்டி வழுவழுப்பாக்கிய, இரண்டு கையால் தூக்க வேண்டிய கல்.

கயிறு பழைய காலத்தில் ஹெதர் தண்டைத் திரித்துச் செய்தது. பனிக்காலத்து இராத்திரிகளில் ஆண்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து திரிக்கும் வேலை. பிற்காலத்தில் கடைக்குத் தென்னை நார்க் கயிறு வந்துவிட்டது. ஹெதர் கயிற்றை அது ஓரங்கட்டியது. உப்புக் காற்றுக்கும் மழைக்கும் தென்னை நார் தாங்கும் என்பது நமக்குத் தெரிந்த சங்கதிதானே. வாழ்நாளில் தென்னை மரத்தைப் பார்க்காத ஒரு தீவுக் குடும்பம், தென்னை நாரைக் கொண்டு பார்லி வைக்கோலை இழுத்துக் கட்டி, அதன் கீழே படுத்து உறங்கியிருக்கிறது. எந்தக் கடற்கரையில், எந்தப் பெண்கள் உட்கார்ந்து திரித்த கயிறோ.

வாசல் ஒன்றுதான். மனிதருக்கும் மாட்டுக்கும் அதே வாசல். குனிந்து நுழைந்தால் ஒரு பக்கம் தொழுவம், மறுபக்கம் வீடு. ஒரே நீளமான கூரையின் கீழ், நடுவே குறைந்த தடுப்போடு. தரை தொழுவத்தை நோக்கிச் சரிகிறது. மூத்திரமும் கழுநீரும் அந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதற்காக. பனிக்காலத்தில் மாடுகள் வெளியே போகாது. அவற்றின் உடம்புச் சூடு வீட்டுக்கு வரும். சாணத்தையும் தினம் வாரிக் கொட்டுவதில்லை. மேலே மேலே புல்லும் பீட் தூளும் போட்டு மிதிக்க விடுவார்கள். வசந்தத்தில் அது மேடாக உயர்ந்து நிற்கும்போது, லூயிஸ் தீவு வீடுகளில் தொழுவத்தின் கடைசிச் சுவரையே கொஞ்சம் பிரித்துவிட்டு எருவை அந்த வழியாக வயலுக்கு எடுத்துப் போவார்கள். பிறகு சுவரைத் திரும்ப அடுக்கிவிடுவார்கள். சாந்து இல்லாத சுவரின் சௌகரியம் அது.

வீட்டுப் பக்கம் போனதும் கண் எரிந்தது. தரை நடுவே கல் பாவிய இடத்தில் பீட் தீ. கட்டிய அடுப்புமில்லை, புகைபோக்கியும் இல்லை. காவலுக்கு இருந்த அம்மாள் ஒரு கட்டியைக் குறுக்கே உடைத்துத் தீயோரம் நிறுத்தி வைத்தார். அது சுடர்விட்டு எரியவில்லை, ஓரத்தில் மட்டும் சிவந்து கனிந்தது. மேலே கைமரத்திலிருந்து ஓர் இரும்புச் சங்கிலி இறங்குகிறது, சட்டியைத் தொங்கவிட. புகை நேரே ஏறிக் கூரையடியில் திரண்டு நிற்கிறது. அங்கிருந்து அவசரமில்லாமல் வைக்கோலுக்குள் புகுந்து வெளியேறுகிறது. வெளியே நின்று பார்த்தபோது கூரை முழுவதும் மெல்ல ஆவி விடுவதாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம். நின்றால் தலை புகைக்குள் இருக்கும். உட்கார்ந்தால் மூச்சு விடலாம். இங்கே முக்காலிகளும் பெஞ்சும் ஏன் இத்தனை தாழ்வாக இருக்கின்றன என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உட்கார்ந்தபடி மேலே பார்த்தேன். கூரையின் அடிப்புறம் கறுப்பு என்று சொன்னால் போதாது. எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகிறது. புல்வேர்கள் கரி பூசிக் கம்பியாகத் தொங்குகின்றன. விரலால் கைமரத்தைத் தொட்டால் பிசுக்கென்று ஒட்டுகிறது, துடைத்தால் போகவில்லை. புகை ஈரத்தை உலர்த்தி, பூச்சியை விரட்டி, கயிற்றையும் மரத்தையும் காத்திருக்கிறது. இன்றும் பராமரிப்பாளர்கள் தினம் தீ மூட்டுவது பயணிகளுக்கான காட்சி மட்டுமல்ல, வீட்டுக்கே அது வேண்டும். தீ இல்லாத கறுப்பு வீட்டில் ஈரம் ஏறிவிடும்.

ஆனால் அந்தக் கரிக்கு இன்னொரு வேலை இருந்தது. எனக்கு இந்த வீட்டில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயமாகப் பட்டது அது. ஆண்டுக்கொரு முறை, கோடையின் தொடக்கத்தில், கூரையின் வைக்கோலைப் பிரித்துவிடுவார்கள். அடியில் உள்ள மண் பத்தைகள் இருக்கும்; ஓராண்டுப் புகையைக் குடித்த வைக்கோல் மட்டும் கீழே இறங்கும். அதைக் கூடையில் சுமந்துபோய் உருளைக்கிழங்குப் பாத்தியிலும் பார்லி வயலிலும் பரப்புவார்கள். கரி படிந்த வைக்கோல் நல்ல உரம். புகைபோக்கி வைத்தால் அந்த உரம் வானத்துக்குப் போய்விடும். புகைபோக்கி இல்லாதது அறியாமையால் என்று எழுதிவிட்டுப் போன அந்நாளைய பயணிகள், அந்த வீட்டின் வயல் பக்கம் போயிருக்க மாட்டார்கள்.

புது வைக்கோல் எங்கிருந்து? அதே வயலிலிருந்து. பார்லியை அரிவாளால் அறுக்காமல் வேரோடு பிடுங்குவார்கள். அறுத்தால் அடித்தண்டு ஒரு சாண் நிலத்தில் நின்றுவிடும். கூரைக்கு ஒவ்வொரு சாணும் வேண்டும். கதிரைத் தனியே கிள்ளிவிட்டு, தண்டைக் கூரைக்கு எடுத்து வைப்பார்கள். ஆக, வயலில் விளைந்தது கூரைக்கு ஏறி, ஓராண்டு மழை தடுத்து, புகை குடித்து, மறுபடி வயலுக்கு இறங்கும். தொழுவத்தின் தரையும் அதே வழியில் போகும். அடுப்புச் சாம்பலும் அப்படியே. கல்லும் கைமரமும் மண் பத்தைகளும் மட்டும்தான் இந்த வீட்டில் நிலையானவை. மற்றதெல்லாம் ஒரு வருஷத்துப் பயிர். வீடு வயலுக்குப் பக்கத்தில் இல்லை. வயலின் ஒரு பகுதியாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும்.

படுக்கை அறையில் பெட்டி போன்ற கட்டில்கள். மூன்று பக்கம் பலகை, முன்பக்கம் திரை, மேலேயும் மூடி. மேல்மூடி எதற்கென்றால், பெருமழையில் கூரை கசிந்தால் சொட்டுவது வெறும் தண்ணீர் அல்ல, கரித் தண்ணீர். போர்வையில் விழுந்தால் போகாத கறை. இரவில் தீயை அணைப்பதில்லை. சாம்பலால் மூடித் தூங்க வைத்து, காலையில் கிளறி எழுப்புவார்கள். ஹெப்ரிடீஸ் தீவுகளில் தணலை மூடும்போது சொல்வதற்கென்றே பிரார்த்தனைகள் இருந்தன. பெண்களின் வேலை அது. தணலை மூன்று பங்காக்கித் திரித்துவத்தின் பெயரால் மூடுவார்கள்.

இதையெல்லாம் புகழ்கிறேன் என்பதற்காக அங்கே வாழ்ந்தவர்களின் பாட்டை மறைக்க எனக்கு மனமில்லை. அரை மணி நேரத்தில் என் கண் சிவந்து நீர் வழிந்தது. அந்தப் புகையில் பிறந்த குழந்தைகள் அங்கேயே வளர்ந்தார்கள். சுவரில் ஜன்னல் இல்லை, கூரையில் சிறு கண்ணாடித் துளை மட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சுகாதார அதிகாரிகள் மாட்டுக்கும் மனிதருக்கும் நடுவே சுவர் வேண்டும், தனி வாசல் வேண்டும் என்று வற்புறுத்தியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மக்கள் ஏன் பெரிய வீடு கட்டவில்லை என்ற கேள்விக்கு விடை கூரையில் இல்லை, நிலப் பத்திரத்தில் இருக்கிறது.

1844இல் லூயிஸ் தீவு முழுவதையும் ஜேம்ஸ் மாத்தசன் என்பவர் விலைக்கு வாங்கினார். இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவில் விற்றுப் பணம் சேர்த்த ஜார்டின் மாத்தசன் நிறுவனத்தின் பங்காளி. ஸ்டார்னவே துறைமுகத்துக்கு எதிரே அவர் கட்டிய மாளிகை இன்றும் கம்பீரமாக நிற்கிறது. சுற்றிலும் அவர் நட்ட தோப்பு. தீவில் நான் பார்த்த உருப்படியான மரங்கள் அங்கேதான். பஞ்ச காலத்தில் அவர் தானியம் கொடுத்ததும் உண்மை. 1850களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுவாசிகளைக் கனடாவுக்குக் கப்பலேற்றியதும் உண்மை. குடியானவர்கள் அனைவரும் அவருடைய குத்தகைதாரர்கள். ஆண்டுக்கு ஆண்டு குத்தகை. வெளியே போ என்றால் போக வேண்டும். நல்ல வீடு கட்டினாலும் அதற்கு ஈடு கிடையாது. கல் நிலத்தோடு போய்விடும். குடும்பம் தன்னுடையது என்று சுமந்து போகக்கூடியது கைமரம் ஒன்றுதான். இடம் பெயர்கிறவர்கள் அதைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். ஆணியடித்து இறுக்காமல் கயிறு கட்டிக் கல் தொங்கவிட்ட கூரை, காற்றுக்கு மட்டுமான ஏற்பாடு அல்ல.

இந்த இடத்தில் நமக்குப் பழக்கமான ஒரு பெயர் வருகிறது. குடியானவர்களின் கொந்தளிப்பு முற்றியபோது, 1883இல் பிரிட்டிஷ் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் ஃபிரான்சிஸ் நேப்பியர். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். கூவம் கடலில் சேரும் இடத்தில் இன்றும் அவர் பெயரால் வழங்கும் நேப்பியர் பாலம் முதலில் 1869இல், அவருடைய காலத்தில்தான் கட்டப்பட்டது. இடிந்துகொண்டிருந்த மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தவரும் அவர்தான். நாயக்கர் மகாலின் தூண்களை அண்ணாந்து பார்த்த அதே மனிதர், சில ஆண்டுகள் கழித்து ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஊர் ஊராகப் போய், கறுப்பு வீட்டுக்காரர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டார். பலருக்கு ஆங்கிலம் வராது. கேலிக் மொழியில் சொன்னார்கள். குழுவின் அறிக்கை 1884இல் வந்தது. அதில் சொன்னபடியே சட்டம் அமையவில்லை என்றாலும், 1886இல் குடியானவர் சட்டம் நிறைவேறியது. இனி நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது, நியாயமான குத்தகையை ஆணையம் தீர்மானிக்கும், நிலத்தையும் வீட்டையும் மேம்படுத்தினால் அதற்கு ஈடு உண்டு. 42ஆம் எண் வீடு எழுந்தது அந்தச் சட்டத்தை ஒட்டிய ஆண்டுகளில்தான்.

உரிமை வந்தவுடன் எல்லாரும் கறுப்பு வீட்டை விட்டுவிடவில்லை. எதிரே 39ஆம் எண் வெள்ளை வீடு 1920களில் கட்டப்பட்டது. 1950களின் சாமான்களோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். சுவர்க் காகிதம், இரும்பு அடுப்பு, புகைபோக்கி, நிமிர்ந்து நிற்கும் கூரை, வெளிச்சம் வரும் ஜன்னல். சுத்தமான, மரியாதையான வீடு. அதில் குடிபோக ஆசைப்பட்ட யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தீவின் அதே கரையில் கியரனன் என்ற ஊரில் கடைசிக் குடித்தனங்கள் 1974இல் வெளியேறிய பிறகு, கறுப்பு வீடுகளைப் புதுப்பித்துத் தங்கும் விடுதிகளாக்கியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் கட்டடம் எப்படி வேலை செய்தது என்று தெரிய வேண்டுமென்றால் ஆர்னோலுக்குத்தான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், ஓய்வு நாளை இந்தத் தீவு இன்றும் பெரும்பாலும் கடைப்பிடிக்கிறது.

வருகிறவர்கள் தீயைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், வீட்டோடு முதுகு ஒட்டி நிற்கும் களஞ்சியத்துக்குள்ளும் போய்ப் பாருங்கள். அங்கே கதவுக்கு நேர் எதிரே, சுவரின் அடியில், தரையை ஒட்டிச் சிறு துளை ஒன்று இருக்கிறது. வாய்க்காலுக்கு விட்ட வழி என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அது தானியம் தூற்றும் துளை. வெட்டவெளியில் தூற்றினால் இந்தக் காற்று பதரோடு மணியையும் கொண்டுபோய்விடும். ஆகவே கூரைக்குள் களம் வைத்தார்கள். கதவையும் துளையையும் திறந்துவிட்டால் இரண்டுக்கும் நடுவே காற்று ஓர் ஓடையாக ஓடுகிறது. அந்த ஓடையில் பார்லியைச் சரித்தால் மணி காலடியில் விழும், பதர் நகர்ந்துவிடும். காற்று அதிகமென்றால் துளையில் ஒரு புல்மண் பத்தையைச் செருகிக் குறைத்துக்கொள்ளலாம். 6 அடி கனத்துக்குக் கல்லையும் மண்ணையும் போட்டு அடைத்த அதே காற்றை, இங்கே வேண்டிய அளவுக்கு மட்டும் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். கையை வைத்துப் பார்த்தேன். அன்று வெளியே பேச்சுக் கேட்காத காற்று. துளையில் அது ஒரு முறத்தைப் புடைக்கப் போதுமான அளவுக்குத்தான் வந்தது.